புல் பிடுங்கிய புண்ணியவான்கள்!

2024 ஜூன் 17, திங்கட்கிழமை. விடியற்காலை நாலு மணி. வீட்டில் விழித்திருந்த ஜீவன்கள் இரண்டே இரண்டு - நானும், கிச்சனில் உறுமிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜும். டி.வி.யில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டு, அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி, ஸ்கிரீனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க இது... ரோடு போடறேன்னு தோண்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு?"

தப்பில்லை. ஸ்கிரீனில் ஒரே மண். காய்ந்த பைன் ஊசிகள். அங்கங்கே தலைவிரிகோலமாகக் கோரைக் குத்துகள். நடுவில் ஒரு ஆஜானுபாகுவான ஆசாமி, மரத்தடியில் கிடந்த பந்தை முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

"கோல்ஃப்னா பச்சைப்பசேல்னு இருக்குமே?"

"இருந்துது. புடுங்கிட்டாங்க."

"யாரு?"

"அவங்களேதான். காசு குடுத்து ஆள் வெச்சு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கும் அவங்களுக்கும் நல்ல பொருத்தம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நியாயமான கேள்விக்கு நாலு மணிக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்திருக்கிறேன். வசதியான நண்பன் ஒருவன் அழைத்துப்போன இடம். மூன்று தடவை ஓங்கி அடித்தேன். மூன்று தடவையும் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. புல் மட்டும் பெயர்ந்து பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. ஆக, கோல்ஃப் மைதானத்தில் புல் பிடுங்கிய அனுபவம் அடியேனுக்கும் உண்டு!

விளையாட்டு தெரியாதவர்களுக்கு முப்பது செகண்ட் பாடம். ஒரு மைதானத்துக்கு பதினெட்டு குழி. ஆரம்பிக்கிற இடத்திலிருந்து குழி இருக்கிற இடம் வரைக்கும் ஒட்ட வெட்டிய புல் பாதை - அதுதான் ஃபேர்வே. அதன் இரண்டு பக்கமும் பந்தை முழுங்குகிற மாதிரி உயரமாக வளர்த்துவிட்ட புல் - ரஃப். குழியைச் சுற்றி பில்லியர்ட்ஸ் மேஜைத் துணி போல மழமழ - கிரீன். நடுநடுவே மணல் பள்ளம் - பங்கர். எத்தனை குறைவான அடியில் முடிக்கிறோமோ அத்தனைக்கு கெட்டிக்காரர். அவ்வளவுதான்.

அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது வட கரோலினா மாநிலத்தில் இருக்கிற பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2. 'நம்பர் 2' என்றதும் ஏதோ இரண்டாந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் வரிசையாக மைதானங்கள் உண்டு. அதில் இரண்டாவது பிறந்தது. மகாராஜா இதுதான்.

கதை ஒரு சோடா வியாபாரியிடமிருந்து ஆரம்பிக்கிறது. ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் என்று பாஸ்டன் பக்கத்து ஆசாமி. மருந்துக் கடைகளில் நிற்குமே, சோடா கலந்து தருகிற அலங்கார மெஷின் - அதைச் செய்து விற்றுப் பெரும் பணம் பண்ணியவர். 1895-ல் வட கரோலினாவில் ஐயாயிரத்துச் சொச்சம் ஏக்கர் நிலம் வாங்கினார். விலை ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டாலர். ஏன் அவ்வளவு மலிவு? மர வியாபாரிகள் வந்து பைன் காட்டை மொட்டையடித்துவிட்டுப் போன வெறும் மணல்காடு அது. 'இந்த மனுஷனை எவனோ நன்றாக ஏமாற்றிவிட்டான்' என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

டஃப்ட்ஸின் திட்டம், குளிரில் வாடுகிற வடக்கத்திக்காரர்களுக்கு உடம்பு தேற ஒரு ஆரோக்கிய கிராமம். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? மாட்டுப் பண்ணை மேய்ச்சல் நிலத்தில் சின்ன வெள்ளைப் பந்தை அடித்துப் பசுக்களைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று புகார் வந்ததாம். மாடா, விருந்தாளியா என்று யோசித்த டஃப்ட்ஸ், விருந்தாளிகளுக்குத் தனியாக ஒரு மைதானம் போட்டுக் கொடுத்துவிட்டார். பால் வியாபாரத்தைவிட இதில் லாபம் அதிகம் என்று சோடா வியாபாரிக்கா தெரியாது?

1900-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் டொனால்ட் ராஸ். ஸ்காட்லாந்தில் டோர்னாக் என்ற கடலோர ஊரில் 1872-ல் பிறந்தவர். தச்சு வேலை கற்றவர். பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸில், கோல்ஃபின் பீஷ்மர் என்று சொல்லத்தக்க ஓல்டு டாம் மாரிஸிடம் தொழில் பழகினார். ஹார்வர்டு வானியல் பேராசிரியர் ஒருவர் 'அமெரிக்காவுக்கு வா' என்று சொல்ல, கப்பல் ஏறிவிட்டார். வானத்தைப் பார்க்க வேண்டிய பேராசிரியர் தரையைப் பார்த்ததால் அமெரிக்காவுக்குக் கிடைத்த லாபம் - சுமார் நானூறு மைதானங்கள்! அத்தனைக்கும் ராஸ் பெயர்தான்.

நம்பர் 2 மைதானம் 1907-ல் பதினெட்டு குழியோடு முழுசாயிற்று. ஆனால் ராஸ் விட்டாரா? மற்ற மைதானங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போகிறவர், இதை மட்டும் நாற்பது வருஷம் நோண்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது குழிக்குப் பக்கத்திலேயே வீடு. காலையில் ஜன்னலைத் திறந்தால் மைதானம். இன்றைக்கு ஒரு பங்கரை இடம் மாற்று, நாளைக்கு அந்த மேட்டைக் கொஞ்சம் குறை... 1948-ல் அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் இதே வேலை.

இதில் ஒரு விசேஷம். 1930-களின் நடுப்பகுதி வரைக்கும் நம்பர் 2-ல் கிரீனே கிடையாது. குழியைச் சுற்றி மணல்தான்! ஒவ்வொருவரும் ஆடி முடித்ததும் மணலை இழுத்துச் சமப்படுத்திவிட்டுப் போவார்கள். (நம் நாட்டிலும் பல மைதானங்களில் மணலும் எண்ணெயும் கலந்த இப்படிப்பட்ட 'பிரவுன்'கள் இருந்ததுண்டு.) 1936-ல் பெரிய சாம்பியன்ஷிப் ஒன்று அங்கே வர இருந்தது. அதற்கு முன்னால்தான் ராஸும், மைதானப் பொறுப்பாளர் ஃப்ராங்க் மேப்பிள்ஸும் சேர்ந்து அங்கே புல் வளர்த்தார்கள்.

இந்த கிரீன்கள்தான் இன்றைக்கும் உலகப் புகழ். கவிழ்த்துப் போட்ட வாணலி மாதிரி நடுவில் மேடு, நாலு பக்கமும் சரிவு. பந்து சரியான இடத்தில் விழுந்தால் நிற்கும். ஒரு கஜம் தள்ளி விழுந்தால் 'வரட்டுமா?' என்று சொல்லிக்கொண்டு உருண்டு கீழே போய்விடும். உலக சாம்பியன்கள் அடித்த பந்து கிரீன் மேல் போய், யோசித்து, திரும்பி, அவர்கள் காலடிக்கே வந்து நிற்கிற காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்க்ரிமென்ட் ஆர்டர் என்று நினைத்துக் கவரைப் பிரித்தால் உள்ளே மெமோ இருந்த முகம்!

கிரீனுக்கு வெளியே ராஸ் எதையும் அலங்காரம் பண்ணவில்லை. ஃபேர்வே விசாலமாக இருக்கும். அது முடிகிற இடத்தில் மணல். அந்த மண்ணிலேயே பிறந்த ஒயர் கிராஸ் என்ற புல் - நம்ம தர்ப்பைக்குப் பெரியண்ணன் மாதிரி, கம்பி கம்பியாகக் குத்துக் குத்தாக முழங்கால் உயரம் நிற்கும். பைன் மரங்கள். எது மைதானம், எது காடு என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாது. சும்மா கிடந்ததைச் சும்மா விட்டுவைத்தார் மனுஷன். அதுதான் டிசைன்.

*

அப்புறம் என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை சார். பராமரித்தார்கள்!

அதுதான் பிரச்னையே. யாரும் கெடுக்க வேண்டும் என்று கெடுக்கவில்லை. 1970-ல் டஃப்ட்ஸ் குடும்பம் சொத்தை விற்றது. வாங்கிய கம்பெனி, அப்புறம் அதனிடமிருந்து வாங்கியவர்கள் என்று கை மாறிற்று. அதே சமயம் கலர் டி.வி. வந்துவிட்டது. ஒவ்வொரு ஏப்ரலும் அகஸ்டா மைதானத்தின் மாஸ்டர்ஸ் போட்டியைக் கலரில் காட்டினார்கள். அடேயப்பா, என்ன பச்சை! பூப்பந்தல் என்ன, கண்ணாடிக் குளம் என்ன! அதைப் பார்த்த அமெரிக்கா பூராவும் 'எங்க மைதானம் மட்டும் ஏன் இப்படி வறண்டு கிடக்குது?' என்று மெம்பர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மெம்பர் கேட்டால் கமிட்டி சும்மா இருக்குமா? குழாய் போடு, தண்ணி ஊத்து, உரம் போடு. மணல் இருந்த இடத்திலெல்லாம் பெர்முடா புல் ஏறிற்று. ஒயர் கிராஸ் ஓரங்கட்டப்பட்டது. நம்பர் 2-ல் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் தலைகள் மட்டும் சுமார் 1,150!

1999-ல் அமெரிக்க ஓபன் முதல்முறையாக அங்கே வந்தபோது மைதானம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. கிரீன்கள் ராஸினுடையவை, சுற்றி இருந்தது யாரோ. அந்த வருஷம் கடைசிக் குழியில், பதினைந்தடி தூரத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளி பேன் ஸ்டூவர்ட் ஜெயித்தார். ஃபில் மிக்கெல்சன் ஒரே ஒரு அடியில் தோற்றார். மிக்கெல்சனின் மனைவிக்குப் பிரசவ நேரம். பையில் பேஜர் வைத்துக்கொண்டு ஆடினார். மறுநாளே பெண் குழந்தை. நாலே மாசத்தில் ஸ்டூவர்ட் விமான விபத்தில் இறந்துபோனார். அந்தக் கடைசித் தள்ளலுக்கு அவர் ஒற்றைக் காலைத் தூக்கிக் கை நீட்டி நின்ற போஸில் இன்று அங்கே சிலை இருக்கிறது.

இத்தனை பெரிய நாடகம் நடந்த இடத்தில் 'குறை' என்று யார் சொல்வார்கள்? 2005-ல் மறுபடி ஓபன் வந்தது. நியூஸிலாந்தின் மைக்கேல் கேம்ப்பெல், டைகர் வுட்ஸைப் பின்னால் தள்ளிவிட்டு ஜெயித்தார். எல்லாம் சரிதான். ஆனால் ஃபேர்வே ஒற்றையடிப் பாதையாகக் குறுகியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் அடர்ந்த ரஃப். அதில் பந்து போனால் யோசிக்கவே வேண்டாம். மட்டையைக் கோடாலி மாதிரி வீசி, பந்தைப் பக்கத்துப் பாதைக்கு வெட்டிப் போட வேண்டியதுதான். எல்லோருக்கும் ஒரே தண்டனை, ஒரே பரிகாரம். ரூல் புக்கைப் பார்த்து ஃபைலில் குறிப்பெழுதுகிற வேலை மாதிரி. மூளைக்கு வேலை இல்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஊரில் தாத்தா கட்டிய வீடு. வாசல் கதவு தேக்கு. அக்கா கல்யாணத்துக்கு 'பளிச்'சென்று இருக்கட்டும் என்று அப்பா அதற்குச் சந்தனக் கலர் எனாமல் அடித்தார். பெரியண்ணன் கல்யாணத்துக்கு அதன் மேல் நீலம். என் கல்யாணத்துக்கு அதன் மேல் பச்சை. எல்லாம் நல்ல எண்ணம்தான். போன வருஷம் கதவு மூட முடியாமல் போகவே, ஆசாரியைக் கூப்பிட்டோம். சுரண்டிச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாலு நாள் கூலி வாங்கிக்கொண்டார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்: "தேக்கு சார் இது. இதுக்கு எவன் சார் பெயின்ட் அடிச்சது?"

அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

பைன்ஹர்ஸ்ட்டின் உரிமையாளர் பாப் டெட்மனுக்கு அந்தக் கதி நேராமல் இருக்க வேண்டுமே! ஏனென்றால் நிலைமை இதுதான்: 2014-ல் ஆண்கள் ஓபன், அடுத்த வாரமே பெண்கள் ஓபன், இரண்டும் இதே மைதானத்தில் என்று 2009-லேயே அறிவித்தாகிவிட்டது. சரித்திரத்தில் அப்படி அடுத்தடுத்த வாரம் ஒரே மைதானத்தில் நடந்ததே இல்லை. தேதி குறித்து, பத்திரிகை அடித்தாகிவிட்ட கல்யாணம். இப்போது போய் 'வீட்டை இடித்துப் பழையபடி கட்டப் போகிறேன்' என்றால்? நான் பி.காம். படித்தவன். இதை லாப நஷ்டக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்றே எனக்குப் புரியாது. நன்றாக ஓடுகிற சொத்து. விருந்தாளிகள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அதன் மேல் இருக்கிற புல்லை - பல வருஷமாகப் பணம் கொட்டி வளர்த்ததை - பெயர்த்து வீசுவதற்கு இன்னும் பணம் செலவு!

டெட்மன் செய்தார். 2010-ல் பில் கூர், பென் கிரென்ஷா இருவரையும் அழைத்தார்.

கிரென்ஷா இரண்டு முறை மாஸ்டர்ஸ் ஜெயித்த சாம்பியன். கோல்ஃப் சரித்திரப் புத்தகங்களில் மூழ்கிக் கிடக்கிறவர். கூர் அதிகம் பேசாதவர். உள்ளூர் மாநிலத்துக்காரர். 1960-களில் பையனாக இருந்தபோது இதே நம்பர் 2-ல் ஆடியவர். அப்போது அது எப்படி இருந்தது என்பது அவர் கண்ணில் இருந்தது. ஆனால் ஞாபகத்தை நம்பிக் காரியத்தில் இறங்க முடியுமா? சின்ன வயதில் பெரிதாகத் தெரிந்த பள்ளிக்கூட மைதானம், இப்போது போய்ப் பார்த்தால் கையளவு இருக்கிறதே!

சாட்சி தேடினார்கள். ஊரிலேயே டஃப்ட்ஸ் ஆவணக் காப்பகம் இருந்தது. பழைய படங்கள் கிடைத்தன. எல்லாவற்றையும்விட, 1943-ல் ஆகாயத்திலிருந்து எடுத்த போட்டோக்கள் அகப்பட்டன. யுத்த காலத்தில் மேலே பறந்தவர்கள் கீழே எடுத்த படத்தில், ராஸ் உயிரோடு இருந்தபோது இருந்த நம்பர் 2 தெளிவாகத் தெரிந்தது - எங்கே மணல், எங்கே புல், எந்த பங்கர் எந்த வடிவம் என்று.

இரண்டாவது சாட்சி மண்ணுக்குள் இருந்தது. அந்தக் காலத்தில் ராஸ் ஃபேர்வேயின் நடுவே ஒற்றை வரிசையில்தான் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார். அதன் தண்ணீர் இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போய் விழுமோ, அவ்வளவுதான் பச்சை. அதற்கு அப்பால் வெயிலும் மழையும் விட்ட வழி. புதுக் குழாய்கள் வந்த பிறகு பழைய குழாயை யாரும் தோண்டி எடுக்கவில்லை, மண்ணுக்குள்ளேயே கிடந்தது. அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பல இடங்களில், இப்போதிருக்கிற ஃபேர்வே ஒரு பக்கமாக இருக்க, பழைய குழாய் வேறு பக்கமாக ஓடியது. குழாய் போன வழிதான் ராஸ் போட்ட வழி!

எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இது. நானூறு மைதானம் போட்ட மேதையின் மனசில் என்ன இருந்தது என்பதை, கடைசியில் துருப்பிடித்த ஒரு தண்ணீர்க் குழாய் சொல்லிற்று.

பிறகென்ன, வேலை ஆரம்பித்தது. சுமார் 35 ஏக்கருக்கு மேல் புல்லை உரித்து எடுத்தார்கள். ஃபேர்வேக்களை அகலமாக்கினார்கள். ரஃப் என்ற சமாசாரமே கிடையாது என்று முடிவு செய்தார்கள். அமெரிக்க ஓபனில் ரஃப் இல்லை என்றால், சாம்பார் இல்லாத இட்லி மாதிரி! கிரீன் ஒரு உயரத்தில் வெட்டு. மீதி புல்லெல்லாம் இன்னொரு உயரத்தில் வெட்டு. இரண்டே அளவு. ஸ்பிரிங்க்ளர்களில் பாதிக்கு மேல் போயே போயிற்று. 1,150 இருந்த இடத்தில் 450 வாக்கில்தான் மீதி. வருஷத்துக்கு ஏறக்குறைய ஐந்தரைக் கோடி காலன் குடித்துக்கொண்டிருந்த மைதானம், ஒன்றரைக் கோடி அளவுக்கு இறங்கி வந்தது. (லாபக் கணக்கில் நான் எழுத முடிந்த ஒரே ஐட்டம் இதுதான்.) வெளியே எடுத்த மணலில் ஒயர் கிராஸ் நாற்றுகளைக் கையால் நட்டார்கள் - ஒன்றல்ல, நூறல்ல, இரண்டு லட்சம் வாக்கில்!

புல்லைப் பிடுங்கிவிட்டுப் புல் நட்டார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். முதலில் கேள்விப்பட்டபோது நானும் சிரித்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கிரீன்களை அவர்கள் பெரும்பாலும் தொடவில்லை. ராஸ் காலத்து கிரீன் இத்தனை கவிழ்ந்த வாணலியாக இருந்திருக்காது, வருஷா வருஷம் மேலே தூவிய மணல் சேர்ந்து சேர்ந்தும், நடுவில் பெயர்த்துப் போட்டதிலும்தான் மேடு இவ்வளவு கூடிவிட்டது என்று வாதிடுகிற நிபுணர்கள் உண்டு. அப்படியானால் அதையும் சுரண்டி எடுத்திருக்க வேண்டாமா? அங்கேதான் கூரும் கிரென்ஷாவும் கையைக் கட்டிக்கொண்டார்கள். உலகம் பூரா அந்த வாணலிக்காகத்தான் வருகிறது. நம் கோயில்களில் ஜீர்ணோத்தாரணம் செய்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். எந்த ராஜா கட்டியது வரைக்கும் 'பழசு', அதற்கு மேல் எது 'சேர்க்கை'? அதிலும் ராஸ் நாற்பது வருஷம் மாற்றிக்கொண்டே இருந்த மனுஷன். எந்த வருஷத்து ராஸை மீட்பது? 1943 போட்டோ இருந்தது. அதனால் 1943-ன் பக்கம் சாய்ந்தார்கள். போட்டோ 1925-ல் எடுத்ததாக இருந்திருந்தால்? மணல் கிரீனோடு அமெரிக்க ஓபன் நடத்த வேண்டியிருந்திருக்கும்!

2011 மார்ச்சில் மைதானம் திறந்தது. 2014 ஜூனில் பரீட்சை.

டி.வி.யில் பார்த்த பல பேருக்கு ஷாக். பழுப்பும் மஞ்சளும், ஓரமெல்லாம் மண்ணும் செடியும். அப்போது இன்னும் அதிபராகாத டொனால்ட் டிரம்ப் (அவருக்கும் சொந்தமாக கோல்ஃப் மைதானங்கள் உண்டு) பார்க்கவே சகிக்கவில்லை என்கிற தோரணையில் ட்விட்டரில் பொரிந்து தள்ளினார். கட்டியவர் பெயர் டொனால்ட், திட்டியவர் பெயரும் டொனால்ட்!

'ரஃப் இல்லையே, எல்லோரும் புகுந்து விளாசப் போகிறார்கள்' என்றும் பயந்தார்கள். ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் விளாசினார் என்பது வாஸ்தவம். ஒன்பது அண்டர் பார். எட்டு அடி வித்தியாசத்தில் கோப்பை. ஆனால் அவரைத் தவிர பாருக்குக் கீழே முடித்தவர்கள் இரண்டே பேர், அதுவும் ஆளுக்கு ஒரே ஒரு அடி. (அந்த இருவரில் ஒருவர் எரிக் காம்ப்டன். இரண்டு முறை இருதய மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்! நான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.) அடுத்த வாரம் பெண்கள் ஓபனில் பாரை உடைத்தது ஜெயித்த மிஷெல் வீ ஒருவர்தான்.

ஏன் சுலபமாகவில்லை? புல் இருந்தபோது தப்பான பந்தை ரஃப் பிடித்து நிறுத்தும். இப்போது பிடிக்க ஆள் இல்லை. உருண்டு ஓடி மணலுக்குள் போய்விடும். அங்கே என்ன காத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கெட்டியான மணல் மேல் முத்து மாதிரி உட்கார்ந்திருக்கலாம். அரையடி தள்ளி, ஒயர் கிராஸ் குத்துக்குள் மாட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள், ஐந்தாவது குழியில் கைமரின் பந்து மணல் பக்கம் போயிற்று. நல்ல கிடை. 202 கஜத்திலிருந்து அடித்தார். குழிக்கு ஐந்தடியில் நின்றது. ஈகிள்! பழைய ரஃப் இருந்திருந்தால் அந்த ஷாட்டே கிடையாது. வெட்டி வெளியே போட்டிருப்பார். மறு வாரம் மிஷெல் வீ, கடைசி நாள், பதினாறாவது குழி. பங்கரிலிருந்து ஆசைப்பட்டு ஓங்கி அடித்த பந்து, ஒரு ஒயர் கிராஸ் குத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு பட்டாளமே தேடிற்று. கிடைத்தது, ஆனால் ஆட முடியாது. இரண்டு அடி நஷ்டம். இத்தனை வருஷம் கனவு கண்ட கோப்பை கை நழுவுகிறது. பதினேழாவது குழியில் இருபத்தைந்தடி தூரத்திலிருந்து உள்ளே தள்ளி மீட்டுக்கொண்டார்.

ரஃப்பில் மாட்டினால் வேதனைதான் உண்டு. இங்கே ஆசை இருக்கிறது. 'அடித்துத்தான் பார்ப்போமே' என்கிற சபலம். அந்தச் சபலத்தைத்தான் முப்பத்தைந்து ஏக்கர் புல் மூடி வைத்திருந்தது.

நஷ்டக் கணக்கு போட்ட என் போன்ற பி.காம்.களுக்கு டெட்மன் வைத்த பதில்: 2020-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம், ஓபனின் நிரந்தர இருப்பிடங்களில் முதலாவதாக பைன்ஹர்ஸ்ட்டை அறிவித்தது. 2029, 2035, 2041, 2047 - நாலு ஓபன்கள் ஒரே கையெழுத்தில்!

சரி, அந்த நாலு மணி ஆட்டத்துக்கு வருவோம்.

மரத்தடியில் பந்தை முறைத்துக்கொண்டிருந்த ஆசாமி பிரைசன் டிஷாம்போ. பதினெட்டாவது, கடைசிக் குழி. அவருக்கு முன்னால் ஆடிய ரோரி மெக்கில்ராய், பதினாறிலும் பதினெட்டிலும் நாலடிக்குள் இருந்த பந்துகளைத் தவறவிட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார், என்னைப் போலவே. இங்கே பார் எடுத்தால் டிஷாம்போ ஜெயிப்பார்.

பந்து கிடந்தது பழைய ரஃப் பெயர்த்த மணல்வெளியில். மேலே மரக்கிளை, முன்னால் வேர். மட்டையை முழுசாகத் தூக்கவே வழியில்லை. குனிந்து, சுருக்கி, தட்டிவிட்டார். உருண்டு போய் கிரீனுக்கு முன்னால் ஒரு பங்கரில் விழுந்தது. குழிக்கு இன்னும் 55 கஜம். 55 கஜ பங்கர் ஷாட் என்பது கோல்ஃபில் யாரும் வேண்டி விரும்பிக் கேட்காத வரம்.

அடித்தார். மணல் சிதறிற்று. பந்து கிரீனில் விழுந்து, ஓடி, நாலடியில் நின்றது. வாணலி அதை உருட்டிவிடவில்லை. உள்ளே தள்ளினார், இரண்டு கையையும் ஆகாயத்துக்கு உயர்த்திக் கத்தினார். பேன் ஸ்டூவர்ட் அதே குழியில் ஒற்றைக் காலில் நின்று இருபத்தைந்து வருஷம். இருவரும் ஒரே யுனிவர்சிட்டியில் படித்தவர்கள்.

என்னையறியாமல் நானும் கத்திவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து குரல் வந்தது:

"என்னாச்சுங்க? புல்லு முளைச்சிருச்சா?"

2029-ல் மறுபடி ஆண்கள், பெண்கள் இரண்டு ஓபனும் அங்கேதான். இரண்டு வாரம், விடியற்காலை நாலு மணி. இப்போதே ஹெட்போன் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று இருக்கிறேன்.